எரியாத விளக்கை நம்பலாமா?

வால்பாறையில் கடைசிப் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே வீட்டுக்கு நடப்பவர் முதலில் தேடுவது மேட்டில் நிற்கும் சிவப்பு விளக்கைத்தான். எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது. எரியாவிட்டால்? யானை இல்லை என்று நம்பி நடக்கிறார். விளக்குக்குள் இருக்கும் சிம் கார்டு வேலை செய்யாமலும் அது எரியாமல் இருக்கலாம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்.

யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டியதால்தான் இங்கே பல உயிர்கள் போயின. அதற்காகவே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வனத்துறை, தோட்ட நிர்வாகங்கள், மக்களோடு சேர்ந்து கேபிள் டி.வி. அறிவிப்பு, குறுஞ்செய்தி, செல்போனில் இயங்கும் சிவப்பு விளக்கு என்று ஏற்பாடுகள் செய்தது. இந்தப் பணிக்காக அதன் எம்.ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். அவ்வளவு எளிமையான கருவி.

உங்கள் தோப்பில் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் செல்போன் ஸ்டார்ட்டரும் இதே இனம்தான். பழுதும் ஒரே மாதிரி வருகிறது. ஆனால், இயங்கவில்லை என்றதும் பெட்டியைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிப் போகிறோம். அதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் காதைக் கொடுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. மணி அடித்தும் இயங்கவில்லை என்றால் நெட்வொர்க்கில் குறையில்லை. ரிலேயையும், உங்கள் எண் பதிவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘உபயோகத்தில் இல்லை’ என்றால் சிம்மின் ரீசார்ஜ் முடிந்து பல நாள் ஆகியிருக்கும். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றால் மின்சாரம், ஆன்டெனா, சிக்னல் மூன்றில் ஒன்று.

இதில் பலரும் ஏமாறுவது மின்சாரத்தில்தான். 2ஜி கருவி டவரோடு பேசும் நொடியில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கிழடான பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் சரியான வோல்ட் காட்டும். அழைப்பு வந்ததும் வோல்ட் இறங்கி, கருவி அணைந்து மறுபடி கண் விழிக்கும். நாமோ சிக்னல் இல்லை என்று டவரைத் திட்டுவோம். எனவே அழைப்பு வரும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடியே கிடக்கும் மலை வானத்தில் சோலார் தகடும் பேட்டரியை நிரப்பாது. ஆன்டெனா இணைப்பில் ஈரம் ஏறிப் பச்சை பூத்திருந்தால் துடைத்து, டேப் சுற்றுங்கள்.

சிம் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். பழைய கருவிகள் பல 2ஜி மட்டுமே அறிந்தவை. 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம் அவற்றில் எடுக்காது. புதிய சிம்மைப் போடுமுன் செல்போனில் போட்டு பின் லாக்கை நீக்கிவிடுங்கள்.

கைபேசி ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருவது நல்ல காரியம். வாங்கிய பிறகு யார் ரீசார்ஜ் செய்வது, யார் பேட்டரி மாற்றுவது என்பதையும் வாங்கும்போதே எழுதி வைக்க வேண்டும். இனி வாங்கும் கருவி எதுவாக இருந்தாலும், தினமும் ஒரு தடவை தன் நிலையைக் குறுஞ்செய்தியில் சொல்லும் வசதி உண்டா என்று விற்பவரைக் கேளுங்கள். செய்தி வராத அன்று ஆளை அனுப்பிவிடலாம். மோட்டார் ஓடாவிட்டால் ஒரு தண்ணீர் முறை போகும். மலையில் விளக்கு எரியாவிட்டால் போவது வேறு.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. விரிவாக்கப் பணியாளர்களும் தோட்ட மேற்பார்வையாளர்களும் மே மாதத்திலேயே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சோதனை அழைப்பு கொடுத்து, சிம் எண், ரீசார்ஜ் முடியும் தேதி, பேட்டரி மாற்றிய நாள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவிட வேண்டும். நோட்டு யாரிடம் இருக்கிறது என்று ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.