கார்டை முழுதாகக் கொடுங்கள்

கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் ஒரு கணம் சத்தம் விட்டுப்போன கல்யாண வீடியோக்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மைக்கைக் குறை சொல்கிறோம். பல சமயம் கோளாறு மைக்கில் இல்லை; கார்டிலிருந்து ஃபுட்டேஜை எடுத்த விதத்தில் இருக்கிறது.

சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஹெச்டி முறையில் பதிவு செய்யும் கேம்கார்டர், நீண்ட ஷாட்டை ஒரே ஃபைலாக வைப்பதில்லை. 2 அல்லது 4 ஜிபியை எட்டியதும் அடுத்த எம்டிஎஸ் ஃபைலுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே ஷாட் என்ற விவரம் ஸ்ட்ரீம் ஃபோல்டரில் இருக்காது. பக்கத்திலுள்ள பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப் ஃபோல்டர்களில் இருக்கும். எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனித்தனியாக கன்வெர்ட் செய்தால், சேருமிடத்தில் சில ஃபிரேம்களும் சத்தமும் விழுந்துவிடக்கூடும். கார்டில் உள்ள முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். கார்டை அழிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எடிட்டிங்குக்கு முன்பே எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கிவிடும் பழக்கத்தை நம் தொழில் கைவிட வேண்டும். எம்டிஎஸ்ஸுக்குள் இருப்பது ஹெச்.264, எம்பி4-க்குள் போவதும் பெரும்பாலும் அதேதான். மறுபடி அமுக்கினால் தரம் குறையும், மெஷினின் சுமை குறையாது. ஒரு ஃபிரேமைக் காட்ட முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை அப்படியே இருக்கும். 50ஐ ஃபுட்டேஜை கன்வெர்ட்டர் தன்போக்கில் 25 புரோகிரஸிவ் ஆக்கிவிட்டாலோ, மணப்பெண் கையை அசைக்கும் இடத்திலெல்லாம் வளையல் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் பதிந்துவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

சாஃப்ட்வேர் எம்டிஎஸ்ஸை ஏற்காவிட்டால், எஃப்எஃப்எம்பெக் கொண்டு கன்டெய்னரை மட்டும் மாற்றலாம். படத்தில் ஒரு பிக்சலும் மாறாது. டால்பி சத்தம் வரவில்லை என்றால் சத்தத்தை மட்டும் பிசிஎம் ஆக்கினால் போதும். டைம்லைன் திணறினால்தான் புரோரெஸ் 422, டிஎன்எக்ஸ்ஹெச்டி போன்றவை தேவை. 24 எம்பிபிஎஸ் ஃபுட்டேஜ் மணிக்கு சுமார் 11 ஜிபி. அதுவே புரோரெஸ் 422-இல் சுமார் 55 ஜிபி. இரண்டு நாள் கல்யாணத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பவர்களின் கவலை நியாயமானது. அவர்கள் மணிக்கு சுமார் 17 ஜிபி பிடிக்கும் புரோரெஸ் பிராக்ஸியில் எடிட் செய்து, ரெண்டரின்போது ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளலாம். டெலிவரி ஆனதும் பிராக்ஸியை அழித்துவிடலாம். ஒரிஜினல் ஃபோல்டர் மட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்: ஒன்று ஷூட் செய்தவரிடம், மற்றொன்று எடிட்டரிடம்.