நிவாரணத் திருட்டுக்கு இரண்டே வருஷமா?

கொள்ளிடம் கரைபுரண்டு வரும்போது, திருப்பனந்தாள் பிரதேசத்துப் படுகையோர ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாத்திரம் பண்டமும் விதைநெல்லும் ஆளில்லாத வீட்டில் கிடக்கின்றன. அச்சமயம் பார்த்து அங்கே புகுகிறவனைச் சாதாரணத் திருடனாகப் பாவிக்கலாகாது. இயற்கை உற்பாத காலத்துக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் எந்தத் திருடனுக்கு?

வீடு புகுந்து திருடுகிறவனுக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவின்படி 7 வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். வெள்ளச் சமயத்தைக் கருதி நியாயாதிபதி அந்த உச்ச வரம்புக்கே போகலாம். அங்கே குறையில்லை. குறை, ஆபத்துக் காலத்துக்கென்றே செய்த சட்டத்தில்தான் இருக்கிறது!

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைச் சூறையாடிற்று. மறு வருஷம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிற்று. நிவாரணத்துக்கென்று ஒப்படைத்த பணத்தையோ பொருளையோ கையாடுகிறவனுக்கு அதன் 53-ஆவது பிரிவு விதிக்கும் உச்ச தண்டனை 2 வருஷமும் அபராதமுமே. சாதாரணத் திருட்டுக்கே 3 வருஷம் வரை உண்டு! இன்னும் விந்தை கேளுங்கள். பறக்காத கூரையைப் பறந்ததாக எழுதிக்கொடுத்து உதவி பெறும் ஏழைக்கும் 52-ஆவது பிரிவில் அதே 2 வருஷ வரம்புதான். அவனும், லாரி லாரியாக நிவாரண அரிசியை விற்றவனும் ஒரே தராசுத் தட்டில்!

நம்பிக்கை மோசடிக்கு 5 வருஷம், சர்க்கார் ஊழியனானால் ஆயுள் தண்டனை வரை பொதுச் சட்டத்திலேயே இடமுண்டு என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அப்படியானால், விசேஷ ஆபத்துக்கு விசேஷ சட்டம் செய்து, அதில் தண்டனையைக் குறைத்து வைப்பானேன்?

60-ஆவது பிரிவு இன்னும் மோசம். சர்க்காரோ, ஜில்லா கலெக்டர் தலைமையிலுள்ள பேரிடர் அதிகார சபையோ, அவர்களால் அதிகாரம் பெற்றவர்களோ புகார் செய்தாலன்றி நியாயஸ்தலம் வழக்கை ஏற்கலாகாது. பாதிக்கப்பட்டவன் தானே புகார் செய்ய விரும்பினால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். நிவாரணத்தை வழங்குகிறவர்களே அதிலுள்ள திருட்டையும் எடுத்துச் சொல்லவேண்டுமாம். வேலிக்கு ஓணான் சாட்சி! 30 நாள் வரை அரிசி மூட்டை கிடங்கில் காத்திருக்குமா?

அமெரிக்காவின் லூயிசியானா ராஜ்யத்தில், அவசர நிலை அமலிலிருக்கும்போது கொள்ளையடிப்பவனுக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 15 வருஷம் சிறை. இந்தக் குறைந்தபட்ச விதியை நாம் இங்கே வேண்டோம். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வீசிய பின்பு, குடிநீருக்கும் சோற்றுக்குமாகத் தஞ்சை, நாகை ஜில்லாக்களில் ஜனங்கள் சாலையில் மறியல் செய்தார்கள். அத்தகைய நிலையில் பசி தாளாமல் ஒரு மூட்டையில் கை வைத்தவனுக்கும் 3 வருஷத்துக்குக் குறையக்கூடாது என்று நியாயாதிபதியின் கையைக் கட்டுவது கொடுமை.

ஆகவே 53-ஆவது பிரிவின் வரம்பை 7 வருஷத்துக்காவது உயர்த்தவேண்டும். பாதிக்கப்பட்ட கிராமத்தார் தரும் புகாருக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டாமென்று 60-ஆவது பிரிவைத் திருத்தவேண்டும். தஞ்சை, நாகை, மயிலாடுதுறைத் தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கட்சி பேதம் பாராமல் இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவரலாம். அதற்கு மற்றொரு ஐப்பசிப் புயல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.