அட்டை இல்லாத பெண்ணுக்கு எந்தத் திட்டம்?

மியன்மாரின் யாங்கோன் மாநகரில், லான்மடாவ் நகரியத்தில், மத்திய மகளிர் மருத்துவமனை அமைந்துள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் டஃபரின் மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிப் பிரசவத்தில் மடிந்த பெண்களை முன்னிட்டு, பெண் மருத்துவர்களையும் தாதியரையும் மருத்துவிச்சிகளையும் பயிற்றுவிப்பதற்காக வைசிராயின் மனைவி டஃபரின் சீமாட்டி 1885இல் ஒரு நிதியத்தைத் தொடங்கினார். அதன் நினைவைத் தாங்கிய பெயர் அது. பர்மா 1937 வரை இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. மகளிர் மேம்பாட்டுத் திட்டம் என்ற சொல் புழக்கத்திற்கு வருவதற்கு வெகு முன்பே அதன் பொருள் லான்மடாவை வந்தடைந்திருந்தது.

ஆயினும் மியன்மாரின் 2014ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 282 தாய்மார் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் 2018-20 காலப்பகுதியில் இந்த எண்ணிக்கை 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியரை அமர்த்தியதும், 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அங்கு பெரும் பங்காற்றின. மியன்மாரில் கிராமத்துப் பெண்ணுக்கு மருத்துவமனை தொலைவில் உள்ளது. யாங்கோன் பெண்ணுக்கோ அது அண்மையிலேயே உள்ளது. அங்கே அவளை மறிப்பவை வருமானமும் ஆவணமும்தான்.

வருமானத்திற்கு ஒரு வழி 1997இல் திறந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவில் கிராமப்புறங்களில் சிறுகடன் முயற்சி தொடங்கப்பட்டது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பார்கள். சொத்து ஈடு தேவையில்லை. 2011இல் சிறுநிதிச் சட்டம் வந்தபின் நகரங்களிலும் இத்தகைய நிறுவனங்கள் பெருகின. மாத வட்டிக்கு 2.5 விழுக்காடு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தெருவில் கடன் கொடுப்போர் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் வாங்கும் ஊரில் இது சிறிய ஆறுதல் அன்று. லான்மடாவிலிருந்து கிழக்கே, 1871இல் தமிழர் எழுப்பிய காளியம்மன் கோயில் வரை நீளும் தெருக்களில் தோசை சுட்டு விற்கும் ஒரு பெண்ணுக்கு, அரிசியும் உளுந்தும் கடனில் வாங்காத ஒரு மாதம் என்பதே பெரிய விடுதலை. (அந்தத் தோசையைப் பர்மியரும் 'தோஷே' என்றே அழைக்கின்றனர்.)

ஆனால் கடன் படிவத்தின் தொடக்கத்திலேயே தேசிய அடையாள அட்டை எண் கேட்கப்படுகிறது.

1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று வகையாகப் பிரித்தது. 1823க்கு முன்பே அங்கு வேரூன்றியவையாக அரசு ஏற்ற இனங்களுக்கு முழுக் குடியுரிமை. ஏனையோருக்கு இணைக் குடியுரிமை, இயல்புக் குடியுரிமை. அட்டைகளுக்கும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை எனத் தனித்தனி நிறங்கள். 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கப்பலேறினர். எஞ்சியிருந்த குடும்பங்களில் பாட்டனின் பதிவுத் தாள் ஒரு பெட்டியில் இருக்கலாம், போரில் எரிந்தும் போயிருக்கலாம். அதைத் தேடி அலுவலகப் படியேறுபவர் பெரும்பாலும் ஆண்மகனாகவே இருப்பார். மகளின் விண்ணப்பம் பின்னால் நிற்கும். மகப்பேற்றுக்கும் கடனுக்கும் எத்தனை திட்டம் வகுத்தாலும், பெயர் பதியாத பெண் எந்தக் கணக்கிலும் சேரமாட்டாள்.

2021 பெப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஒத்துழையாமைப் போராட்டத்தை முதலில் தொடங்கியோருள் மருத்துவர்களும் தாதியரும் அடங்குவர், பலர் பணியிழந்தனர். பெண்களுக்கெதிரான வன்முறையைத் தடுக்கும் மசோதா, நாடாளுமன்றம் வரை சென்றும் அதற்குள் சட்டமாகவில்லை. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இளைஞர்கள் எல்லை தாண்டத் தொடங்கினர். மகன் சென்றுவிட்ட வீட்டில் வாடகையும் அரிசியும் தாயின் பொறுப்பாயின. 2025இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதோடு பல சுகாதாரத் திட்டங்களும் முடங்கின.

புலம்பெயர்ந்த தமிழர் பர்மாத் தமிழருக்கென நிதி திரட்டும்போது அது கோயில் திருப்பணிக்கே முதலில் செல்கிறது. அதைக் குறை கூறுவதற்கில்லை. காளியம்மன் கோயில் இல்லையேல் அச்சமூகத்திற்கு ஒன்றுகூட இடமே இருந்திராது. ஆனால் திருப்பணிக்குச் செல்லும் தொகையில் ஒரு சிறு பங்கைப் பெண்களின் ஆவணங்களுக்கென ஒதுக்கலாம். 2012க்குப் பின் மியன்மாரின் தென்கிழக்கில் நோர்வே அகதிகள் பேரவை அரசு அலுவலர்களோடு ஊரூராகச் சென்று, படிவம் நிரப்புதல், புகைப்படம், அட்டை வழங்கல் அனைத்தையும் ஓரிடத்திலேயே நடத்தியது. இன்றைய நிலையில் அதே வடிவில் அதனைச் செய்ய இயலாது. ஆனாலும் பழைய பதிவுத் தாள்களைப் படியெடுத்துப் பாதுகாத்தல், பர்மிய மொழியில் விண்ணப்பம் எழுதித் தருதல், கட்டணம் செலுத்துதல் ஆகியவை கோயில் மண்டபத்திலேயே நடக்கக்கூடிய பணிகள்.

கணினி அறிந்த புலம்பெயர் இளையோர் இதில் நேரடியாகவே உதவலாம். ஆவணப் படிகளைப் பத்திரமாகச் சேமிப்பதற்கான வழியை அவர்கள் அமைத்துக் கொடுக்கட்டும். இப்படிகள் தவறான கைகளில் சிக்கினால் ஒரு குடும்பத்துக்கே ஆபத்து நேரும் என்பதால், கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது என்பதை முதல் நாளே அந்தப் பெண்களுடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.