பேரேட்டில் ஏறாத பற்று

கிறிஸ்தவ வாழ்வின் அஸ்திவாரம் அன்பு என்று எல்லோரும் சொல்கிறோம். ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வார்த்தை. என்னைக் கேட்டால், அது அஸ்திவாரமா வெறும் சுண்ணாம்புப் பூச்சா என்பது, நமக்குத் தீங்கு செய்தவன் எதிரே நிற்கும்போதுதான் தெரியும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 13ஆம் அதிகாரம். கல்யாணங்களில் விரும்பி வாசிப்பார்கள். அதில் தீங்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல், கணக்கில் எழுதிவைப்பதற்கும் வழங்கிய சொல். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது சட்டென்று புரியும். வாராக்கடனாகப் போக்கெழுதுவதுகூட இல்லை, பேரேட்டில் ஏறவே கூடாது!

நடக்கிற காரியமா? 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார் மனைவி கிளாடிஸ். சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிடவில்லை. பாரிபடாவில் கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்தை 2004 வரை இருந்து கவனித்தார்.

"அப்போ குற்றவாளி தப்பிவிடுவானே?" என்பார்கள் நண்பர்கள். இல்லையே... வழக்கு நடந்தது. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டிப்பது அரசாங்கத்தின் கணக்கு. கிளாடிஸ் எழுத மறுத்தது தன்னுடைய பேரேட்டில் மட்டும்தான்.

பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு நகர்வது சுலபம். சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்கிற நம் சபைகளில், அந்த அம்மாவின் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?