நிழலைத் துறந்த ஓவியர்

முகத்தின் ஒரு பாதியில் ஒளியும் மறுபாதியில் இருளும் படிய வரைதல் மேனாட்டு ஓவியர் கைவந்த கலை. முகம் திரட்சியுடன் தோன்றுவது அந்த இருளினாலேயே. சீனத்து அரண்மனையிலோ அது முகத்தில் அழுக்குப் படிந்தாற்போலவே கருதப்பட்டது! இந்த இக்கட்டில் அகப்பட்டவர் ஜூசெப்பே காஸ்திலியோனே.

1688 இல் மிலான் நகரிற் பிறந்த இவர், 1707 இல் யேசுசபையிற் சேர்ந்து, 1715 இல் பீக்கிங் அடைந்தார். சமயம் பரப்பச் சென்றவரைச் சக்கரவர்த்தி தூரிகையும் கையுமாக இருத்திவிட்டார். லாங் ஷிநிங் என்னும் சீனப் பெயருடன் காங்சி, யோங்செங், சியன்லோங் ஆகிய மூன்று சக்கரவர்த்திகளுக்கு அரை நூற்றாண்டு பணிபுரிந்தார்.

பட்டில் வரைவது எளிதன்று. ஒருமுறை இட்ட கோட்டை அழித்தல் இயலாது. (விடைத்தாளிலே அழித்தழித்து எழுதும் மாணவரை நாடோறும் காணும் எமக்கு, இது ஒன்றே அவர்பால் மதிப்பை மிகுவிக்கின்றது.) ஆகவே, முதலிற் கடதாசியில் வரைந்து காட்டி அரண்மனையின் இசைவு பெறல் வேண்டும். 1728 இல் நிறைவெய்திய ‘நூறு குதிரைகள்’ ஏறத்தாழ ஏழேமுக்கால் மீற்றர் நீளமான பட்டுச் சுருள். அதன் கடதாசி வரைவு இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. குதிரைகளின் தசைத்திரட்சி இத்தாலியருடையது. பட்டும் சுருள் வடிவமும் சீனத்தன. முகங்களை வரையுங்கால் ஒளி நேரே முன்னிருந்து வீழ்வதாகக் கொண்டு நிழலை ஏறக்குறைய நீக்கிவிட்டார்.

கற்ற வித்தையை விட்டுக்கொடுத்தார் என்று இவரைக் குறை கூறுவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1736 இல், தாம் வரைவதைக் காணவந்த சியன்லோங்கின் முன் முழந்தாளிட்டு, தம் சமயத்தார் படும் துன்பத்தை நீக்குமாறு மன்றாடினார். அரசவை ஓவியர் ஒருவருக்கு அது உயிர்க்கு அஞ்சத்தக்க துணிவேயாம். சக்கரவர்த்தி சினவாது விடையிறுத்தார். எனினும் தடை முற்றும் நீங்கிற்றில்லை. மறுபடியும் தூரிகையை எடுத்தார் காஸ்திலியோனே.

1766 இல் அவர் பீக்கிங்கிலேயே காலமானார். அவர் வகுத்த மேனாட்டுப் பாணி மாளிகைகள் நின்ற யுவான்மிங்யுவான் பூங்காவை 1860 இல் ஆங்கிலப் படை எரியூட்டிற்று. பட்டுச் சுருள் தப்பித் தாய்ப்பே அரண்மனை நூதனசாலையில் இருக்கின்றது. கொழுத்த குதிரைகளுக்கிடையே, விலாவெலும்பு தெரிய மெலிந்த குதிரை ஒன்றும் அதில் நிற்கின்றது.