"மைல்டு" தோட்டா என்றால் ஆபத்தில்லாத தோட்டாவா?



டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு வீடியோ போட்டிருந்தான். கார் ஷெட்டில் மேசை போட்டு, தன் .38 ஸ்பெஷல் ரிவால்வருக்குத் தானே தோட்டா தயாரிக்கிறான். ஆறு வயது மகன் பக்கத்தில் நின்று ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறான். "ரொம்ப மைல்டுதான் டீச்சர், பயப்படாதீங்க" என்று எனக்குப் பதில் வேறு. நீங்கள் பலரும் கைதட்டியிருக்கிறீர்கள். நான் கைதட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம். அது அவர்கள் நாட்டுச் சட்டம். அதில் எனக்குச் சண்டை இல்லை. மென்மையான தோட்டா வேண்டும் என்பதும் நியாயமே. நியூட்டனின் மூன்றாம் விதி உங்களுக்கு நினைவிருக்கும். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். 1935-இல் வந்த .357 மேக்னம், அதே எடைக் குண்டை ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் தள்ளும். உதையின் ஆற்றல் அதன் இருமடியில் ஏறும். மூட்டுவலி உள்ள கைக்கு மென்மையான தோட்டாதான் நல்லது. மெதுவாகப் போகும் குண்டுக்கு வெறும் ஈயமே போதும்.

ஆனால் "மைல்டு" என்பது கைக்கு மட்டும்தான், அப்பா!

.38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. கரிமருந்துக்காக அமைந்த பெரிய கூடு அது. இன்றைய புகையற்ற மருந்து அதில் அடியில் கொஞ்சமே கிடக்கும். கவனம் சிதறி இரண்டாம் முறையும் மருந்து கொட்டினால் வழியாது. கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. சுட்டால் ரிவால்வரே வெடித்துச் சிதறலாம். மருந்தே விழாமல் போனால் குண்டு குழாயில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் ஆபத்துதான். அதாவது, மென்மையான தோட்டா செய்பவனுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டு, வீடியோ எடுத்துக்கொண்டு செய்கிற வேலையா இது?

அடுத்தது ஈயம். "ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளர்ந்தவங்கதானே நாம" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அந்தச் சொம்பு வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். குண்டு காரீயம், அதாவது லெட். பெயரில்தான் உறவு, ஒன்று சமையலறைக்கு வரலாம், மற்றது வரவே கூடாது.

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். அது மூளையைத் தாக்கும்; படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் வரையறுத்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி அது. குண்டில் மட்டுமல்ல, வழக்கமான பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட பித்தளைக் கூடுகளை உலர்வாகக் குலுக்கிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசிதான் பறக்கும். அது சட்டையில் ஒட்டும், செருப்போடு வீட்டுக்குள் வரும். குண்டைத் தொட்ட பிள்ளையின் விரல் அடுத்த நிமிடம் வாய்க்குள் இருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் நான். பாடம் மண்டையில் ஏறாத பிள்ளையைப் பார்த்துப் பெற்றவர்கள் படும் வேதனை எனக்குத் தெரியும். இங்கே தடுக்க வழி இருக்கும்போதே பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துவது என்ன அன்பு?

ஆகவே, தம்பி, இது உனக்கு:

குழந்தையும் கர்ப்பிணியும் அந்த ஷெட்டுக்குள் வரக்கூடாது.

அங்கே சாப்பாடு, காபி எதுவும் கிடையாது.

கூடுகளை ஈரமாகவே கழுவு. மேசையைத் துடை, உலர்வாகப் பெருக்காதே.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, சட்டையை மாற்று, செருப்பை வெளியே விடு.

குண்டு பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்.

இந்த வாரமே நீயும் பிள்ளையும் ரத்தத்தில் ஈயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைதட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. லைக் போடும் முன் அந்தப் பிஞ்சு விரல்களைப் பார்த்தீர்களா?

அக்கறையுடன்,
உங்கள் டீச்சர்