நின்ற இடத்தில் நடுங்கும் கார்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் நாடி பார்க்கிறோம். மருந்து வாங்குவது அதற்குப் பின்னரே. மோட்டார் வண்டிக்கு நோய் கண்டாலோ நம்மவரிற் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி விடுகின்றனர். உதிரிப்பாகங்களை முதலில் வாங்குகின்றனர். நோய் யாதென்பதைப் பிறகு யோசிக்கின்றனர்.

அட்டனில் வசிக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் எம்மிடம் குறைபட்டுக்கொண்டார். அவருடைய கார் வீதியில் ஒழுங்காக ஓடுகிறது. நிறுத்தி எஞ்சினைத் தன்பாட்டில் ஓட விட்டாலோ, குளிர்க்காய்ச்சற்காரனைப் போல நடுங்குகிறது. பிளக்குகளை மாற்றினார், கொயிலை மாற்றினார், நடுக்கம் தீரவில்லை. "மலைக்காற்றுக்கு எல்லா வண்டியும் அப்படித்தான்" என்று யாரோ கூற, அன்பரும் ஆறுதலடைந்து விட்டார். அந்த ஆறுதல்தான் எமக்கு அச்சத்தைத் தந்தது.

மலைக்காற்றின் மீது பழி சுமத்துவதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பிலுள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது காபுரேற்றர். கொழும்பிலே திருத்தி வைத்த காபுரேற்றர் மலைக்கு வந்ததும், காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டும். பிளக்கிலே கரி படியும், கரும்புகை வரும், எஞ்சின் தடுமாறும். ஆனால், பெற்றோலை அளந்து பீய்ச்சும் இன்றைய வண்டிகள் காற்றின் நிலையை உணர்கருவிகளால் அறிந்து, பெற்றோலைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆதலின், புதிய கார் நடுங்கினால் குற்றவாளியை வேறிடத்திலே தேடவேண்டும்.

நடுக்கம் எப்படி உண்டாகிறது? எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்குமாதலால், நான்கு சிலிண்டர்களுக்கும் 1,600 வெடிப்புகள். நால்வர் சுமக்கும் பல்லக்கில் ஒருவன் அடி தவறினால் பல்லக்குக் குலுங்குமன்றோ? ஒரு சிலிண்டர் தவறினாலும் அவ்வாறே.

இனி நாடி பார்க்கும் முறையைக் கவனிப்போம். காலையில் மாத்திரம் நடுங்குகிறதா? பழைய வண்டியாயின், இரவுப் பனியின் ஈரம் மின்சாரக் கம்பிகளிலும் அவற்றின் மூடியிலும் படிந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். வேகத்தைக் கூட்டினாலும் தடுமாற்றம் தொடர்கிறதா? பிளக்கையும் கொயிலையும் ஐயுறலாம். பிளக்கின் முனை இளம் பழுப்பு நிறமாயிருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

வேகத்தைக் கூட்டியவுடன் நடுக்கம் அடங்கிவிடுகிறதா? அப்படியாயின் காற்று எங்கோ களவாக உட்புகுகிறது எனலாம். நின்று ஓடும்போது எஞ்சின் அருந்துவது சிறிதளவு காற்றே. இறப்பர் குழாயின் ஒரு வெடிப்பு வழியாக நுழையும் காற்று அப்போது கணிசமான பங்காகி, கலவையைக் கெடுத்துவிடும். வேகத்திலே அதே கசிவு பெருவெள்ளத்தில் ஒரு துளி. அன்பரின் கார் காட்டியது இந்தக் குறியையே.

எமது அச்சத்துக்குக் காரணம் இனித்தான் வருகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே இன்றைய பெற்றோல் கார்களிற் பெரும்பாலானவற்றின் பிரேக்குக்குத் துணைவலு கிடைக்கிறது. அந்த வலுவைக் கொண்டு செல்வதும் ஓர் இறப்பர் குழாய்தான். அது வெடித்தால் எஞ்சினும் நடுங்கும். பிரேக் பெடலும் கல்லாக இறுகும். நம் மலை இறக்கங்களின் கொடுமையைச் சொல்லவேண்டியதில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயாவின் ரதெல்லைக் குறுக்குப் பாதையில் நிகழ்ந்த விபத்தில் ஏழு உயிர்கள் பறிபோனதை எவரும் மறந்திருக்கமாட்டார்.

சோதிப்பது எளிது. சமதரையில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்தால் பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். பெடல் சிறிது கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மிதிக்கும்போது நடுக்கம் கூடினாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, இறக்கத்தில் வண்டியை விடாது மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று இறக்கத்திலே நியூட்ரலில் விடும் வழக்கத்தையும் அன்பர் ஒப்புக்கொண்டார். நடுங்கும் எஞ்சின் அந்நிலையில் நின்றுபோனால், பிரேக்குக்கு மிஞ்சியிருக்கும் துணைவலு இரண்டொரு மிதிப்பிலே தீர்ந்துவிடும். மிச்சமும் வீண்கனவே. கியரில் இறங்கும்போது காலை எடுத்தால், இன்றைய எஞ்சின் பெற்றோலை அறவே நிறுத்திக்கொள்கிறது; நியூட்ரலிலோ அது குடித்துக்கொண்டேயிருக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவது மலைச் சாரதிகளின் பழைய விதி. அதில் மாற்றம் வேண்டியதில்லை.

அன்பரின் காரைப் பிறகு முறையாகச் சோதித்தபோது அகப்பட்டது, ஒரு சாண் நீளமுள்ள அந்தப் பிரேக் குழாயின் வெடிப்புத்தான். வீணாக வாங்கிய பிளக்குகளின் விலையிற் சிறு பகுதிகூட அதற்குச் செலவாகவில்லை. மறுநாள் தம் மனைவி மக்களுடன் அவர் இறம்பொடை இறக்கத்தில் செல்லவிருந்தார்.